ஸ்டூவர்ட் ஹாலும் உத்தரவாதமற்ற கறுப்பும்

ஜமைக்காவில் பிறந்து பிரிட்டனில் வாழ்ந்த பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் தனியொருவராக எழுதி, தம் வாழ்நாளில் வெளியிட்ட முழுநீள ஆய்வு நூல் என்று ஒன்றுகூட இல்லை. கட்டுரைகள், மாநாட்டு உரைகள், பத்திரிகைத் தலையங்கங்கள், மாணவர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து எழுதிய நூல்கள், தொலைக்காட்சிப் பாடங்கள், நாளிதழுக்கு அனுப்பிய மறுப்புக் கடிதம் என்று பல இடங்களில் சிதறிக் கிடப்பதுதான் அவருடைய எழுத்து. அப்படியிருந்தும் கறுப்பின மக்களின் வெகுசனப் பண்பாட்டைப் பற்றி, அதாவது அவர்களுடைய இசை, உடை, நடனம், திரைப்படம், ஒளிப்படம் ஆகியவற்றைப் பற்றி, இன்று ஆய்வு செய்யும் எவரும் அவரைத் தொடாமல் கடந்து போக முடிவதில்லை.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதற்கு உடனடிக் காரணம் ஓர் எரிச்சல். வெகுசனப் பண்பாட்டைக் கொண்டாடியவர், பாட்டும் படமும் பார்ப்பதையே புரட்சி என்று சொன்னவர் என்ற அளவில் அவர் பெயர் போகிறபோக்கில் சொல்லப்படுவதை அடிக்கடி பார்க்கிறேன். 1981-இல் வெளிவந்த ஒரு கட்டுரையின் முடிவில் அவர் இதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறார். அதிகாரத்தில் இருப்போருக்கும் இல்லாதோருக்கும் இடையிலான போராட்டம் நிகழும் களங்களில் வெகுசனப் பண்பாடும் ஒன்று, சோசலிசம் உருவாகக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று, அதனால்தான் அது முக்கியமானது. அப்படி இல்லையென்றால் அதைப் பற்றித் தமக்கு எள்ளளவும் அக்கறை இல்லை என்பதே அங்கே அவருடைய நிலைப்பாடு. ரசிகர் பேசுகிற பேச்சு அல்ல அது.

ஹால் 1932 பிப்ரவரி 3 அன்று ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்தார். தந்தை யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழ நிறுவனத்தில் கணக்கு வேலை பார்த்தவர். அதுவரை தலைமையகத்திலிருந்து அனுப்பப்பட்ட வெள்ளையர்கள் வகித்த பதவிகளில் ஒவ்வொன்றாக அமர்ந்த முதல் ஜமைக்கர். தாயாரோ மனத்தளவில் பழைய தோட்ட முதலாளிகளின் உலகத்தையும் இங்கிலாந்தையுமே தம் சொந்த இடமாகக் கருதியவர். தோல் நிறம் கொஞ்சம் வெளுத்தால் கொஞ்சம் மேலே, கறுத்தால் கீழே என்று நுணுக்கமாக அடுக்கப்பட்ட அந்தக் காலனியச் சமூகத்தில், தம் குடும்பத்திலேயே கறுத்தவராகப் பிறந்தார் ஹால். தொட்டிலில் கிடந்த தம்பியை எட்டிப் பார்த்த அக்காள், "இந்தக் கூலிக் குழந்தையை எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டாராம். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் வழிவந்தோரை அங்கே அப்படித்தான் அழைத்தார்கள். சமூகத்தின் அடித்தட்டுக்கு வைக்கப்பட்ட பெயர் அது. ஹாலுக்குப் பதினேழு வயதானபோது, அதே அக்காள் பார்படோசிலிருந்து வந்த மருத்துவ மாணவர் ஒருவரை விரும்பினார்; அவர் கறுப்பர் என்பதால் பெற்றோர் மறுத்துவிட்டார்கள். அக்காள் மனம் உடைந்து மின்னதிர்ச்சிச் சிகிச்சைவரை போக நேர்ந்தது. காலனியம் என்பது வெளியே இருக்கும் அரசு மட்டுமல்ல, அது வீட்டுக்குள் வந்து மனிதர்களின் மனத்தைச் சிதைக்கும் என்பதைத் தாம் முதலில் கற்றது அங்கேதான் என்று ஹால் பின்னாளில் ஒரு நேர்காணலில் சொல்லியிருக்கிறார்.

1951-இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டின் மெர்ட்டன் கல்லூரிக்கு ஆங்கில இலக்கியம் படிக்கப் போனவர், பிறகு ஜமைக்காவில் வாழத் திரும்பவே இல்லை. நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் பற்றி முனைவர் பட்ட ஆய்வைத் தொடங்கினார். 1956-இல் சோவியத் டாங்கிகள் ஹங்கேரிக்குள் நுழைந்தன. அதே நாட்களில் பிரிட்டனும் பிரான்சும் சூயஸ் மீது படையெடுத்தன. இரண்டு முகாம்களையும் ஏற்க முடியாத இளைஞர் கூட்டம் ஒன்று அப்போது திரண்டது. அதில் ஒருவரான ஹால் ஆய்வைக் கைவிட்டு, 1957-இல் சார்ல்ஸ் டெய்லர், ரஃபேல் சாமுவேல் முதலியோருடன் ஓர் இதழைத் தொடங்கினார். அது வேறோர் இதழுடன் இணைந்து 1960-இல் நியூ லெஃப்ட் ரெவ்யூ ஆனபோது அதன் முதல் ஆசிரியர் அவரே. லண்டனின் சோஹோ பகுதியில் இதழ் வேலை பார்த்துக்கொண்டே, பிழைப்புக்காகத் தென் லண்டன் பள்ளியொன்றில் தற்காலிக ஆசிரியராகவும் இருந்தார். 1958-இல் நாட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர்கள் மேற்கிந்தியக் குடியேறிகளைத் தாக்கியது அந்த நாட்களில்தான். ஊருக்குப் போயிருந்த ஒரு சமயம் அவருடைய தாயார், அங்கே உன்னை அந்தக் குடியேறிகளில் ஒருவன் என்று நினைத்துவிடப் போகிறார்கள் என்று கவலைப்பட்டதாகவும், அந்தக் கணத்தில்தான் தாமும் ஒரு குடியேறி என்பது தமக்கு உறைத்ததாகவும் ஹால் எழுதியிருக்கிறார்.

கறுப்பின இசைக்கும் அவருக்கும் இருந்த உறவு ஜாஸ் வழியாக வந்தது. பத்தொன்பது, இருபது வயதில் மைல்ஸ் டேவிஸ் தம் ஆன்மாவின் மேல் விரலை வைத்துவிட்டார் என்று அவர் பலமுறை சொன்னதுண்டு. திரைப்பட இயக்குநர் ஜான் அகோம்ஃப்ரா 2013-இல் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் முழுவதும் டேவிஸின் இசைதான் ஓடுகிறது. ஆனால் 1964-இல் பேடி வானலுடன் சேர்ந்து அவர் எழுதிய முதல் நூலைப் படித்தால், பின்னாளைய ஹால் அதில் பாதிதான் தெரிகிறார். பள்ளி ஆசிரியர்களுக்காக எழுதப்பட்ட நூல் அது. உயர்ந்த கலை ஒரு பக்கம், சினிமாவும் பாட்டும் மறுபக்கம் என்று பிரிப்பதை அது மறுக்கிறது; வெகுசனக் கலைக்குள்ளேயே நல்லதையும் மட்டமானதையும் பிரித்தறியக் கற்றுக்கொடுங்கள் என்கிறது. அதன்படி ஜாஸ் நல்ல பக்கத்தில் நிற்கிறது. பதின்பருவத்தினர் அன்று கேட்டுக்கொண்டிருந்த பாப் பாடல்களில் பெரும்பாலானவை அந்தத் தேர்வில் தேறவில்லை. அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான நூல்தான். இருந்தாலும் அதன் அடியில் இருப்பது ரசனை பற்றிய கேள்வி. அதிகாரம் பற்றிய கேள்வி அதில் இன்னும் எழவில்லை.

அந்தக் கேள்வி பர்மிங்ஹாமில் எழுந்தது. ரிச்சர்ட் ஹோகார்ட் 1964-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தைத் தொடங்கி, ஹாலை முதல் ஆய்வாளராக அழைத்தார். பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன் கொடுத்த நன்கொடையில்தான் அந்தப் பதவிக்குச் சம்பளம். மையம் திறந்தபோது இரண்டு துறைகளிலிருந்து வந்த கடிதங்களைப் பற்றி ஹால் வேடிக்கையாகச் சொல்வார். சமூகவியல் துறை, நீங்கள் செய்யப்போவது சமூகவியல் என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம் என்ற தொனியில் எழுதியதாம். ஆங்கிலத் துறையோ, உங்களை எங்களால் வரவேற்க இயலாது என்று சொல்லாமல் சொல்லிவிட்டதாம். ஹோகார்ட் யுனெஸ்கோவுக்குப் போன பிறகு பொறுப்பு ஹாலிடம் வந்தது. 1979 வரை அவர்தான் மையத்தை நடத்தினார். ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மாணவர்களே குழு அமைத்துப் படித்து, குழுவாக எழுதி, படியெடுத்து விற்ற கையேடுகள் வழியாகத்தான் அந்த மையத்தின் சிந்தனை உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஒளிபரப்பாளர் ஓர் அர்த்தத்தை வைத்து அனுப்புகிறார், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், பேரம் பேசலாம், எதிர்த்தும் வாசிக்கலாம் என்று தொலைக்காட்சியைப் பற்றி ஹால் 1973-இல் எழுதிய கட்டுரையும் அப்படி வந்ததுதான். ஊடகப் பாடம் எடுக்கும் எல்லா வகுப்பறைகளிலும் அது சொல்லித்தரப்படுவதால் இங்கே அதை விரிக்கவில்லை.

என்னைக் கேட்டால், அந்த மையத்தின் ஆகப் பெரிய சாதனை வேறொன்று. 1972 நவம்பர் 5 இரவு, பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த் பகுதியில் மதுக்கடையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஒருவரை மூன்று சிறுவர்கள் அடித்துப் போட்டார்கள். அவரிடமிருந்து எடுத்தது 30 பென்ஸ், சில சாவிகள், ஐந்து சிகரெட். அடி மிகக் கொடூரமானது. அதை அந்த நூல் எங்குமே மழுப்பவில்லை. 1973 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. பதினாறு வயதுச் சிறுவனுக்கு 20 ஆண்டு, மற்ற இருவருக்கும் பத்துப் பத்து ஆண்டு. அந்தத் தண்டனையை எதிர்த்து எழுந்த இயக்கத்தோடு மையத்தைச் சேர்ந்தவர்களுக்குத் தொடர்பு இருந்தது. அங்கே தொடங்கிய வேலை 1978-இல் ஹால், சாஸ் கிரிட்சர், டோனி ஜெஃபர்சன், ஜான் கிளார்க், பிரையன் ராபர்ட்ஸ் என்னும் ஐவர் பெயரில் நூலாக வெளிவந்தது.

அந்த நூல் கேட்கும் கேள்வி இந்தச் சிறுவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பதல்ல. பிரிட்டன் ஏன் 1972-இல் திடீரென்று இந்தக் குற்றத்தைக் கண்டு நடுங்கியது என்பது. வழிப்பறி எக்காலத்திலும் இருந்ததுதான். ஆனால் அமெரிக்க நகரங்களின் இனக் கலவரங்களையும் பாழடைந்த தெருக்களையும் கூடவே இழுத்துக்கொண்டு வந்த 'மக்கிங்' (mugging) என்ற ஒரு புதுப் பெயரை அந்த ஆண்டில் பத்திரிகைகள் அதற்குச் சூட்டின. அதன் பிறகு நடந்ததை நூல் பொறுமையாகப் பின்தொடர்கிறது. நீதிபதி ஒருவர், பொதுமக்கள் கலங்கிப்போயிருக்கிறார்கள், ஆகவே மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கும்படி கடுந்தண்டனை தருகிறேன் என்கிறார். மக்கள் கலங்கியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? பத்திரிகையைப் படித்து. அடுத்த நாள் பத்திரிகை, நீதிபதியே இவ்வளவு கடுமையாகப் பேசும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது என்று எழுதுகிறது. பத்திரிகைக்கு எப்படித் தெரியும்? நீதிபதி சொல்லி. இந்த வட்டத்துக்குள் காவல்துறையும் அமைச்சர்களும் வந்து சேர்கிறார்கள். செய்தியின் சட்டகத்தை முதலில் வரையறுக்கும் உரிமை இவர்களிடம் இருப்பதால், அதற்கு மறுப்புச் சொல்ல வருபவரும் அதே சட்டகத்துக்குள் நின்றுதான் பேச வேண்டியிருக்கிறது. கடைசியில் கறுப்பின இளைஞன் என்ற உருவமே நாட்டின் எல்லாக் கோளாறுகளுக்கும் முகமாக மாறிவிடுகிறது.

இது குற்றவியல் ஆய்வாயிற்றே, பண்பாட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பொருளாதாரம் ஆட்டம் கண்டு, வேலைநிறுத்தங்கள் பெருகி, பழைய சமரசங்கள் உடைந்துகொண்டிருந்த நேரத்தில், மக்களின் உண்மையான அச்சத்தை ஒரு நிறத்தின் மீது திருப்பிவிட்டு அவர்களுடைய ஒப்புதலோடேயே அரசு கடுமையாகிறது என்ற வாதத்துக்கு ஹால் இத்தாலிய மார்க்சியச் சிந்தனையாளர் கிராம்சியைத் துணைக்கு அழைக்கிறார். மேலாதிக்கம் லத்தியால் மட்டும் நிலைப்பதில்லை. செய்தித்தாளில், பேருந்துப் பேச்சில், நகைச்சுவைத் தொடரில் அது அன்றாடம் புதுப்பிக்கப்பட வேண்டும். நூல் வந்த மறு ஆண்டே மார்கரெட் தாட்சர் சட்டம் ஒழுங்கு முழக்கத்தோடு ஆட்சிக்கு வந்தார். தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பே, 1979 ஜனவரியில், தாட்சரியம் என்று பெயர் சொல்லி அதை ஒரு புதிய வகை வலதுசாரி அரசியலாக ஹால் அடையாளம் கண்டு எழுதினார். இடதுசாரிகளில் பலர், இதுவும் வழக்கமான பழமைவாத ஆட்சிதான், போய்விடும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது எழுதியது அது.

மையத்துக்குள் எல்லாம் சுமுகமாக இருந்ததாக நினைக்க வேண்டாம். பெண்ணியம் அங்கே இரவில் திருடன் புகுவதுபோல் உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது என்று ஹால் 1990-இல் ஓர் உரையில் சொன்னார். அந்த உவமையும் அதைத் தொடர்ந்து அவர் சொன்ன கொச்சையான வாக்கியமும் பின்னர் கண்டனத்துக்கு உள்ளாயின. எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் அதே இடத்தில், என்ன படிக்க வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்ய ஆரம்பித்தபோதுதான் அதிகாரத்தைப் பற்றிப் பேசுவது வேறு, அதைக் கைவிடுவது வேறு என்பது தமக்குப் புரிந்தது என்றும் அவர் ஒப்புக்கொள்கிறார். மாணவர்களாக இருந்த ஹேசல் கார்பியும் பால் கில்ராயும் பிறரும் 1982-இல் கொண்டுவந்த தொகுப்பு, பிரிட்டிஷ் இடதுசாரிச் சிந்தனையும் பண்பாட்டு ஆய்வும் இனத்தை ஓரத்தில் வைத்திருந்ததைக் கடுமையாகவே சாடியது. அதற்குள் ஹால் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். சமூகவியலில் பட்டமே பெறாத அவர் அங்கே 1979 முதல் 1997 வரை சமூகவியல் பேராசிரியர். நுழைவுத் தகுதி எதுவும் கேட்காத அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடங்கள் அப்போது பிபிசியில் அகால நேரங்களில் ஒளிபரப்பாகின. தாடியும் சிரித்த முகமுமாக, கையை விரித்து விரித்துப் பேசும் அந்தக் கறுப்பினப் பேராசிரியரைப் பிரிட்டனின் மூலை முடுக்கில் இருந்தவர்கள் அறிந்தது அப்படித்தான். அதே 1979-இல் நடிகை மேகி ஸ்டீடுடன் சேர்ந்து பிபிசியிலேயே அரை மணி நேரம் தோன்றி, பிபிசியின் நகைச்சுவைத் தொடர்களிலும் செய்தி விவாதங்களிலும் இனவாதம் எப்படி இயங்குகிறது என்று துண்டு துண்டாகப் போட்டுக் காட்டினார்.

கறுப்பு என்பது தமக்குப் பிறப்பிலேயே கிடைத்ததல்ல, கற்றுக்கொண்டது என்று ஹால் மறுபடி மறுபடி எழுதினார். அவர் வளர்ந்த ஜமைக்காவில் மக்கள்தொகையில் மிகப் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள். ஆனால் யாரும் தம்மைக் கறுப்பர் என்று சொல்லிக்கொண்டதை அவர் கேட்டதில்லை. 1970களில்தான் அந்தத் தீவு தன்னைக் கறுப்பு என்று அறிந்தது. அதற்கு வழிசெய்தவை அமெரிக்க உரிமைப் போராட்டங்களும், ஜமைக்காவில் பிறந்த சமய இயக்கமான ராஸ்தஃபாரியும், பாப் மார்லியின் ரெகே இசையும். அடிமைகளுக்கு அடங்கிக்கிடக்கக் கற்றுக்கொடுத்த அதே விவிலியத்தை ராஸ்தஃபாரிகள் எடுத்து, பாபிலோன் என்பது இந்தக் காலனிய உலகம், நாங்கள் அதில் சிறைப்பட்ட இஸ்ரவேலர் என்று தலைகீழாகப் படித்தார்கள். மதம் என்றால் பிற்போக்குதான் என்று கையை உதறிவிடும் மார்க்சியரை நோக்கி ஹால் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. முன்னால் இழுக்கும் வண்டியும் பின்னால் வரும் பெட்டியும் தனித்தனியாக இருந்து, ஒரு கொக்கியால் இணைக்கப்பட்டு ஓடும் நெடிய லாரியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். மதமும் அடங்கிப்போதலும் அப்படித்தான் இணைந்திருக்கின்றன. இணைப்பு உண்மையானது, சில காலம் மிக உறுதியானதும்கூட. ஆனால் என்றென்றைக்குமானது அல்ல. கொக்கியைக் கழற்றி வேறொன்றோடு மாட்டலாம். ராஸ்தஃபாரிகள் மாட்டிக் காட்டினார்கள்.

இந்தச் சிந்தனையை அவர் தம் சொந்த முகாமின் மீதே பிரயோகித்த இடம்தான் என்னைப் பொறுத்தவரை அவருடைய நேர்மைக்குச் சான்று. 1985-இல் ஹேண்ட்ஸ்வொர்த்தில் கலவரம் வெடித்தது. அதே ஹேண்ட்ஸ்வொர்த். அதைப் பற்றி அகோம்ஃப்ராவும் அவருடைய குழுவினரும் 1986-இல் ஒரு படம் எடுத்தார்கள். பழைய செய்திப்படத் துண்டுகள், குடியேறிகளின் குடும்பப் படங்கள், கவிதை போன்ற பின்குரல் என்று பழக்கமான ஆவணப்பட வடிவத்தையே கலைத்துப்போட்ட படம். 1987 ஜனவரியில் சல்மான் ருஷ்டி கார்டியன் நாளிதழில் அதை வன்மையாகக் குறைகூறினார்; அங்கே வாழ்பவர்களின் உண்மையான கதைகள் படத்தில் இல்லை என்பது அவருடைய குற்றச்சாட்டு. அதே இதழில் ஹால் மறுப்பு எழுதினார். கலவரத்தைப் பற்றிப் பேசுவதற்கென்று தேய்ந்துபோன ஒரு மொழி இருக்கிறது, அதிலிருந்து விடுபட இவர்கள் படும் பாட்டை ருஷ்டி காணவில்லை என்றார். ஆனால் அடுத்த ஆண்டு ஒரு மாநாட்டுரையில், கறுப்பர்கள் எடுத்தார்கள் என்பதாலேயே ஒரு படம் நல்ல படமாகிவிடாது, கறுப்பு அனுபவத்தைப் பேசுகிறது என்பதாலேயே அதன் அரசியல் சரியாகிவிடாது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆப்பிரிக்க, கரீபிய, ஆசிய வழிவந்தோர் எல்லோரும் இனவாதத்துக்கு எதிராகக் கறுப்பு என்ற ஒரே பெயரின் கீழ் நின்ற காலம் தேவையான காலம்தான். அந்தப் பெயருக்குள் இருக்கும் வர்க்கம், பால், பாலியல் வேறுபாடுகளை இனியும் மறைக்க முடியாது; கள்ளங்கபடமற்ற, சாராம்சமான கறுப்பு மனிதர் என்ற கற்பனை முடிந்துவிட்டது என்பது அவருடைய முடிவு.

இந்த வாதம் முழு உருவம் பெற்றது 1991 டிசம்பரில். கறுப்பின வெகுசனப் பண்பாடு பற்றி மிஷேல் வாலஸ் நியூயார்க்கில் ஏற்பாடு செய்த மாநாடு அது. கார்னல் வெஸ்ட், பெல் ஹூக்ஸ், ஏஞ்சலா டேவிஸ், டிரிஷியா ரோஸ், கில்ராய், கார்பி என்று பெருங்கூட்டம். அங்கே ஹால் எடுத்துக்கொண்ட கேள்வி, கறுப்பின வெகுசனப் பண்பாட்டில் இந்தக் கறுப்பு என்பது என்ன என்பது. அப்போது ஹிப்ஹாப் அமெரிக்க இசைச் சந்தையைக் கைப்பற்றிக்கொண்டிருந்தது. கறுப்பினப் பண்பாட்டுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்று மகிழ்ந்திருக்கலாம். ஹால் மகிழவும் இல்லை, புலம்பவும் இல்லை. சற்றே வேறுபட்டதை, கொஞ்சம் அயல் வாசனை வீசுவதைச் சந்தை எப்போதும் விரும்பும் என்று எச்சரித்தார். அதே மூச்சில், இப்படிக் கிடைக்கும் இடம் எவ்வளவு குறுகலானதானாலும், எவ்வளவு கண்காணிக்கப்பட்டதானாலும், போராடிப் பெற்றது, அதைச் சும்மா தள்ளிவிடக் கூடாது என்றும் சொன்னார்.

பிறகு அவர் மூன்று விஷயங்களைச் சுட்டுகிறார். முதலாவது பாணி. மற்றவர்கள் மேலுறை என்று ஒதுக்கும் பாணியே இந்தப் பண்பாட்டில் உள்ளடக்கமாக இருக்கிறது. இரண்டாவது இசை. எழுத்தே அறிவு என்று அரசாண்ட உலகத்தில் எழுத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்ட மக்கள் தங்கள் வாழ்வின் ஆழமான வடிவத்தை இசையில் வைத்தார்கள். மூன்றாவது உடல். வேறெந்தச் சொத்தும் இல்லாதபோது, ஓவியர் துணித்திரையைப் பயன்படுத்துவதைப்போலத் தங்கள் உடலையே பயன்படுத்திக்கொண்டார்கள். இந்த மூன்றிலும் தூய வடிவம் எதுவும் கிடையாது. எல்லாம் கலப்பு, ஆப்பிரிக்க மரபும், ஆண்டானிடமிருந்து வேண்டாவெறுப்பாகவோ விரும்பியோ எடுத்துக்கொண்டதும் சேர்ந்த கலப்பு. அப்படியானால் கறுப்பு என்ற முத்திரையை மட்டும் வைத்து இது நம்முடையது, ஆகவே முற்போக்கானது என்று சொல்வது, நிறவெறியன் செய்த அதே வேலையை வேறு திசையில் செய்வதாகும். வரலாற்றில் உண்டானதை இயற்கையாக்கிவிடும் வேலை அது. இங்கே அவர் மிகவும் தெளிவாக ஓர் உதாரணத்தைக் கையிலெடுக்கிறார். வெள்ளை உலகத்தின் முன் நிமிர்ந்து நிற்கும் கறுப்பு ஆண்மை என்ற தோரணை, பெண்களின் பக்கமிருந்தும் ஒருபால் விருப்புடைய கறுப்பு ஆண்களின் பக்கமிருந்தும் பார்த்தால் ஒடுக்குமுறையாகவே இருக்கிறது. ஒரு கோட்டில் எதிர்ப்பாக இருப்பது இன்னொரு கோட்டில் ஆதிக்கமாக இருக்கலாம் என்ற இந்த எளிய கவனிப்பு, ராப் இசையை முழுதாகத் தூக்கிப் பிடித்தவர்களையும் முழுதாகத் தூற்றியவர்களையும் ஒருசேரச் சங்கடப்படுத்தியது.

ஹாலை விமர்சித்தவர்களில் நம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டியவர் அம்பலவாணர் சிவானந்தன். யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1958-இல் இலங்கையை விட்டு லண்டன் போய், நாட்டிங் ஹில் வன்முறையை நேரில் கண்டு, பின்னாளில் இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநரானவர். கறுப்பு என்பது தோலின் நிறமல்ல, அரசியலின் நிறம் என்று வாதிட்ட தமிழர். 1980களின் இறுதியில் ஹாலும் அவருடைய தோழர்களும், முதலாளியம் புதிய காலத்துக்குள் நுழைந்துவிட்டது, இடதுசாரிகள் நுகர்வையும் அடையாளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று எழுதியபோது, அது தாட்சரியமே போட்டுவந்த மாறுவேடம் என்று சிவானந்தன் 1990-இல் வெளுத்து வாங்கினார். வேலையிழந்தவர்களும் அகதிகளும் அடிபடும் தெருவை விட்டுவிட்டு, அடையாளங்களின் விளையாட்டில் அறிவாளிகள் ஒதுங்கிவிட்டார்கள் என்பது அவர் கோபம். அந்தச் சண்டையில் எனக்குச் சிவானந்தன் பக்கமே நியாயம் அதிகமாகத் தெரிகிறது. புதிய காலம் பற்றிய கட்டுரைகளில் இருக்கும் உற்சாகம் இன்று படிக்கச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஆனால் பண்பாட்டைப் பேசுவதே தெருவைக் கைவிடுவதாகும் என்பதை ஏற்க முடியவில்லை. ஒரு சிறுவனுக்கு இருபது ஆண்டுச் சிறையை நாடே தலையாட்டி ஏற்றுக்கொண்டது பண்பாட்டின் வழியாகத்தான் என்று காட்டியவரும் ஹால்தானே.

கடைசி இருபது ஆண்டுகளில் அவர் அதிகம் புழங்கியது கலைஞர்களோடு. கறுப்பின ஒளிப்படக் கலைஞர்களின் அமைப்பான ஆட்டோகிராஃப், சர்வதேசக் காட்சிக்கலை நிறுவனமான இனிவா இரண்டுக்கும் தலைவராக இருந்தார். இரண்டும் சேர்ந்து குடியேற, டேவிட் அட்ஜயே வடிவமைத்த கட்டடம் 2007-இல் கிழக்கு லண்டனின் ரிவிங்டன் பிளேசில் திறக்கப்பட்டது. சிறுநீரகம் செயலிழந்து பல ஆண்டுகள் அவதிப்பட்ட பிறகு 2014 பிப்ரவரி 10 அன்று, 82 வயதில், லண்டனில் காலமானார். அவர் வளர்த்தெடுத்த பர்மிங்ஹாம் மையத்தின் தொடர்ச்சியாக இருந்த துறையைப் பல்கலைக்கழகம் 2002-லேயே மூடிவிட்டிருந்தது.

அவருடைய கட்டுரைகள் இறப்புக்குப் பிறகு தொகுதி தொகுதியாக வந்துகொண்டிருக்கின்றன. பில் ஷ்வார்ட்சுடன் நடத்திய நீண்ட உரையாடல்களிலிருந்து உருவான தன்வரலாறு 2017-இல் வெளியானது. புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் அந்தத் தன்வரலாற்றின் ஜமைக்கப் பகுதியை முதலில் படித்துவிட்டு 1991 உரைக்குப் போகலாம். பேச்சாக எழுதப்பட்டது என்பதால் அது மூச்சுமுட்ட வைக்காது. வழிப்பறி நூல் பெரியது. நேரமில்லாதவர்கள் அதன் முதல் பாதியை, செய்தித்தாள்களையும் வாசகர் கடிதங்களையும் வரிவரியாக அலசும் அத்தியாயங்களை, மட்டுமாவது படித்துவிட வேண்டும். பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்தூசரோடு மல்லுக்கட்டும் 1970களின் கோட்பாட்டுக் கட்டுரைகளை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.